ஒட்டுப் போர்வைக்குத் துணி: மலையகத்தில் இருந்துகொண்டு எங்கே வாங்குவது?

ஹட்டனிலும் பண்டாரவளையிலும் பதுளையிலும் துணிக்கடைக்குக் குறைவில்லை. ஆனால் சின்னச் சின்னத் துணித் துண்டுகளைச் சேர்த்து ஒட்டுப் போர்வை தைக்கிறவருக்கு வேண்டியது வேறு. சின்னப் பூ, சின்னக் கட்டம், புள்ளி, கோடு என்று பத்துப் பன்னிரண்டு விதம் வேண்டும். எல்லாம் ஒரே தடிப்பில், சுத்தப் பருத்தியில், ஒவ்வொன்றிலும் அரை மீற்றர் போதும். டவுன் கடையில் யூனிஃபோர்ம் வெள்ளையும் சட்டைத் துணியும் சேலையும் அடுக்கடுக்காக இருக்கும். இந்தப் பத்து விதம் இருக்காது. அரை மீற்றர் வெட்டித் தாருங்கள் என்றால் சில கடைக்காரர்களின் முகமே மாறிவிடும். அதனால் ஒன்லைனில் தேடுகிறோம்.

தேடினால் பல வழி தெரிகிறது. டராஸ் மாதிரிப் பெரிய சந்தைச் செயலிகள் ஒன்று. பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் துணி விற்கும் கொழும்புப் பக்கத்துச் சின்னக் கடைகள் இன்னொன்று. கார்மென்ட் வெட்டுத் துண்டைக் கிலோக் கணக்கில் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்கா, இங்கிலாந்து போன்ற நாடுகளின் குயில்ட் (ஒட்டுப் போர்வை) துணிக் கடைகள் இருக்கின்றன. இந்தியாவும் இருக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போர்வை முழுவதற்கும் ஒரே இடத்தில் வாங்க வேண்டாம். மேல்பக்கத்துச் சின்னத் துண்டுகளுக்கு, பேசிக் கேட்டு மாதிரி வாங்கக்கூடிய உள்நாட்டுச் சின்னக் கடைதான் நமக்குச் சரி. அடிப்பக்கத்துத் துணியைக் கையால் தொட்டுப் பார்த்து டவுனிலேயே வாங்கலாம். மற்ற வழிகள் எல்லாம் குறிப்பிட்ட தேவைக்கு மட்டும். விலையை மட்டும் பார்த்தால் இந்த முடிவு வராது. நம் ஊர் ஈரத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் வரும்.

ஈரம் என்று ஏன் சொல்கிறேன்? சாயம் நிற்காத துணி எந்த ஊரிலும் கெடுதல்தான். ஆனால் யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஒரு போர்வையைத் தோய்த்துக் கொடியில் போட்டால் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். தலவாக்கலையில் ஜூன் மாதம் தோய்த்த போர்வை மூன்று நாளானாலும் நடுவில் குளிர்ந்துகொண்டுதான் இருக்கும். மேல் துணி, உள்ளே பஞ்சு, அடித்துணி என்று மூன்று அடுக்கும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். சாயம் ஊறிப் பக்கத்துத் துணிக்குப் போவது தண்ணீரில் இருக்கும் நேரத்தில் மட்டுமல்ல. ஈரத்தோடு ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கும் நேரத்திலும் அது நடக்கும். சிவப்புக் கட்டத்துக்குப் பக்கத்தில் தைத்த வெள்ளைக் கட்டத்தின் ஓரம் றோஸ் நிறமாவது பெரும்பாலும் இப்படி மெதுவாகக் காயும்போதுதான். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்துக் குளிருக்கும் மூட்டத்துக்கும் தைக்கிற போர்வைக்கு, ஐம்பது ரூபா மலிவு என்பதைவிடச் சாயம் நிற்குமா என்பதுதான் பெரிய கேள்வி.

இதைப் பரீட்சிக்க ஒரு வழி சொல்கிறேன். துணியில் இரண்டங்குலத் துண்டு ஒன்றை வெட்டுங்கள். ஒரு கண்ணாடிக் கிளாஸில் நல்ல சுடுதண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை சலவைத்தூள் போட்டு, துண்டை அரை மணித்தியாலம் ஊறவிடுங்கள். கிளாஸை வெள்ளைத் தாளின் முன்னால் பிடித்தால் தண்ணீரின் நிறம் தெரியும். பலரும் இதோடு நிறுத்திவிடுவார்கள். நீங்கள் நிறுத்தாமல், அந்தத் துண்டைப் பிழியாமல் எடுத்து, வெள்ளைப் பருத்தித் துணி இரண்டுக்கு நடுவில் வைத்து, மேலே ஒரு புத்தகத்தையோ தட்டையோ ஏற்றி விடியும் வரை விடுங்கள். காலையில் வெள்ளைத் துணியில் அச்சு விழாமல் இருந்தால் அந்தத் துணி நம் ஊர் மழைக்காலத்தைத் தாங்கும். பீலித் தண்ணீரில் மட்டும் அலசிப் பார்த்துச் சாயம் போகவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். குளிர்ந்த தண்ணீரில் சாயம் அவ்வளவாக வெளியே வராது. ஹோம்ஸ்டேக்குத் தைத்துக் கொடுத்தால் அங்கே சுடுதண்ணீர் மெஷினில்தான் போடுவார்கள்.

உப்புத் தண்ணீரிலோ வினாகிரியிலோ ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று அம்மாமார் சொல்வதுண்டு. கடையில் வாங்கும் இன்றைய பருத்தித் துணியின் சாயத்துக்கு அது உதவாது. சுடுதண்ணீரில் திரும்பத் திரும்ப அலசி, தண்ணீர் தெளியும் வரை மிச்சச் சாயத்தை வெளியேற்றுவதுதான் வழி. தெளியவே தெளியாத துணியை வெள்ளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

இந்தப் பரீட்சையை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம்.

சந்தைச் செயலிகளில் முதலில் கண்ணில் படுவது வெட்டிக் கட்டிய துண்டுக் கட்டுகள். ஐந்தங்குலம், பத்தங்குலம் என்று சதுரமாக வெட்டி, நிறம் நிறமாக அடுக்கி, படத்தில் பார்க்க அழகாக இருக்கும். வீட்டு வாசலில் காசு கொடுக்கலாம், கார்ட் தேவையில்லை. தைக்கப் பழகும் பிள்ளைகளுக்கு இது வசதிதான், அதை மறுக்கமாட்டேன். ஆனால் வெட்டிய சதுரத்தை முன்கூட்டித் தோய்க்க முடியாது. தோய்த்தால் ஓரம் நூல் நூலாகப் பிரியும், சுருங்கி அளவும் மாறும். அதாவது எந்தப் பரீட்சை நமக்கு முக்கியமோ, அதையே இந்தக் கட்டில் செய்ய வழியில்லை. கருநிறத் துண்டுகளில் ஒன்றை மட்டும் பலி கொடுத்துப் பார்க்கலாம், அவ்வளவுதான். அதோடு, ‘பருத்தி’ என்று தலைப்பில் போட்டிருந்தாலும் விவரத்தில் பொலியெஸ்டர் கலப்பு என்று இருக்கும். சிலதில் விவரமே இருக்காது.

கையில் கிடைத்ததும் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள். பருத்தி கடதாசி எரிவது போல எரிந்து, தொட்டால் பொடியாகும் சாம்பலாகும். பொலியெஸ்டர் சுருண்டு உருகி, கடினமான கறுப்பு மணியாக நிற்கும். கலப்புத் துணியில் இரண்டும் தெரியும். பொலியெஸ்டர் கலந்த துணி கெட்டது என்று நான் சொல்லவில்லை. அது சீக்கிரம் காயும், நமக்கு அது நல்லதே. ஆனால் கால் அங்குலத் தையலை அயன் பண்ணி மடித்து அழுத்தினால் படியாது. முனைகள் பொருந்தாமல் எழும்பி நிற்கும். பருத்தி மீற்றருக்கு மூன்று முதல் ஐந்து சென்ரிமீற்றர் வரை சுருங்கும், கலப்புத் துணி அவ்வளவு சுருங்காது. இரண்டையும் ஒரே போர்வையில் தைத்தால் முதல் சலவையிலேயே சுருக்கம் விழும்.

அடுத்து, நான் அதிகம் நம்புகிற வழி: வட்ஸ்அப்பில் பேசி வாங்கும் சின்னக் கடை. புறக்கோட்டை கெய்சர் வீதி, பிரதான வீதிப் பக்கம் மொத்தமாக எடுத்து, வீட்டில் இருந்தே மீற்றர் கணக்கில் விற்கிறவர்கள் இவர்கள். படம் அழகாக இருக்காது, விலைப் பட்டியல் ஒழுங்காக இருக்காது. ஆனால் கேட்டால் பதில் வரும். அந்த ஒன்றே மற்ற எல்லாக் குறைகளையும் ஈடு செய்துவிடும்.

என்ன கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும். “நானா, துணிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் வைத்து, வெளிச்சத்தில் ஒரு படம் அனுப்புங்கள்” என்று கேளுங்கள். லைட் போட்டு எடுத்த படத்தில் க்ரீம் நிறம் வெள்ளையாகவும் கடும் பச்சை கறுப்பாகவும் தெரியும். வெள்ளைத் தாள் பக்கத்தில் இருந்தால் கண் தானாகவே நிறத்தைத் திருத்திக்கொள்ளும். அப்புறம் ஒரு சின்ன வீடியோ கேளுங்கள். துணியின் கரையைக் காட்டி, அளவு நாடாவைக் குறுக்கே பிடிக்கச் சொல்லுங்கள். குயில்டுக்கென்றே அச்சடித்த துணியாக இருந்தால் கரையில் கம்பனிப் பெயரும், அச்சில் சேர்ந்த நிறங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன வட்டமும் வரிசையாக இருக்கும். சாதாரணப் பொப்லினிலும் சீத்தையிலும் பெரும்பாலும் இருக்காது. இல்லை என்பதற்காகத் தள்ளிவிட வேண்டாம், நல்ல பொப்லின் அருமையாகத் தைக்கும். அடுத்ததாக, துணியை இரண்டாக மடித்து உள்ளங்கைமேல் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். உள்ளங்கை ரேகை தெரிந்தால் துணி மெல்லிசு, உள்ளே வைக்கும் பஞ்சு பிறகு வெளியே எட்டிப் பார்க்கும்.

முதல் தடவையே பத்து மீற்றருக்குக் காசை வங்கியில் போடாதீர்கள். கால் மீற்றர், அரை மீற்றர் வாங்கித் தோய்த்துப் பாருங்கள். நல்ல கடைக்காரர் இதற்கு முகம் சுளிக்கமாட்டார். மாதிரிக்குத் தபால் காசு நான் தருகிறேன் என்றால் இன்னும் சந்தோஷப்படுவார். ஒரு ஆபத்தும் உண்டு. இவர்களிடம் ஒரு டிசைன் முடிந்தால் முடிந்ததுதான், திரும்ப வராது. அதனால் மாதிரி வரும் வரை அந்தத் துணியை ஒதுக்கி வைக்க முடியுமா என்று முதலிலேயே பேசிவிடுங்கள். பெரும்பாலும் ஒரு வாரம் வைப்பார்கள்.

கிலோக் கணக்கில் வரும் கார்மென்ட் வெட்டுத் துண்டுகளில் ஏற்றுமதிச் சட்டைத் துணி கிடைத்தால் அதிர்ஷ்டம். அகலம் 57, 58 அங்குலம் இருக்கும், நெசவு இறுக்கமாக இருக்கும், சாயமும் பெரும்பாலும் நிற்கும். ஆனால் மூட்டையைப் பிரித்தால் பாதி டீ-ஷேர்ட் துணியாக இருக்கக்கூடும். பின்னல் துணி இழுபடும், ஒட்டுப் போர்வைக்கு ஆகாது. நெய்த துணியிலும் ஸ்பான்டெக்ஸ் கலந்தது உண்டு. குறுக்கே இழுத்து விட்டால் திரும்பச் சுருங்கிக்கொள்ளும், அதையும் ஒதுக்க வேண்டும். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு மூட்டை எடுத்துப் பிரித்துக்கொண்டால் மட்டும்தான் கணக்குச் சரிவரும். தனியாக எடுக்காதீர்கள்.

வெளிநாட்டுக் கடைகளின் துணி நல்லது, இதில் இரண்டு பேச்சில்லை. மோடா, ரொபேர்ட் கோஃப்மன் மாதிரிக் குயில்ட் துணிக் கம்பனிகளின் பருத்தியில் நெசவு சீராக இருக்கும், ஒரே நிறத்தைப் பிறகும் வாங்கலாம். ஆனால் நிறையைப் பாருங்கள். 44 அங்குல அகலத் துணி மீற்றருக்குக் கிட்டத்தட்ட 160 கிராம். ஒற்றைக் கட்டில் போர்வையின் மேல்பக்கத்துக்கும் அடிப்பக்கத்துக்குமாக ஒன்பது மீற்றர் என்றால் ஒன்றரைக் கிலோ. அதற்கு விமானக் கூலி உண்டு. இங்கே வந்து சேர்ந்ததும் சுங்க வரி, அதன்மேல் 2024 ஜனவரியில் இருந்து 18 வீதமான பெறுமதிசேர் வரி. இந்த வரி துணியின் விலைக்கு மட்டும் போடுவதில்லை, அனுப்புகிற கூலியையும் சேர்த்த தொகைக்குத்தான் கணக்கு. ஆகவே அங்கே ‘பாதி விலை’ என்று போட்டிருப்பது இங்கே வரும்போது பாதி விலையாக இருக்காது. சுழல் கத்தி, கோடு போட்ட அளவுகோல் போன்ற சாமான் வாங்கும்போது, கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றும் ஒரு துணி அரை மீற்றரையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம். போர்வை முழுவதுக்கும் வாங்குவது, விற்கத் தைக்கிறவருக்குக் கட்டாது.

இந்தியா வேறு கதை. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தோடு இந்தியாவுக்குப் பிரிந்து போன சொந்தம் கோத்தகிரியிலும் குன்னூரிலும் நமக்கு இன்னும் இருக்கிறது. போக வர ஆட்களும் இருக்கிறார்கள். ஈரோட்டுப் பருத்தியையும் ஜெய்ப்பூர் அச்சுத் துணியையும் அவர்களைக் கொண்டு அங்குள்ள ஒன்லைன் கடையில் ஓடர் பண்ணி, அவர்கள் வீட்டில் இறக்கி, வருகிறவர் பெட்டியில் நாலு மீற்றர் வைத்து விடச் சொல்லலாம். விலையும் டிசைனும் வேறு எங்கும் இப்படி அமையாது. அந்த மர அச்சுத் துணியை வெள்ளையோடு சேர்க்கும்முன் சுடுதண்ணீர்ப் பரீட்சையைத் தவறாமல் செய்யுங்கள். சிவப்பும் அவுரி நீலமும்தான் அதிகம் ஊறும். ஓடர் கொடுத்து நாள் சொல்லி வாங்குகிற வழி இது அல்ல. வரும்போது வரும்.

அடித்துணிக்கு வருவோம். இங்கேதான் கணக்குப் போடாமல் காசு போகிறது. போர்வை 60க்கு 84 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். நாலு பக்கமும் மூன்று அங்குலம் கூட வைத்தால் அடித்துணி 66க்கு 90. 44 அங்குலத் துணி என்றால் 90 அங்குல நீளத்தில் இரண்டு வெட்ட வேண்டும், 4.6 மீற்றர் போகும். 58 அங்குலத் துணியில் 66 அங்குலத் துண்டு இரண்டு போதும், 3.4 மீற்றர். 90 அங்குலத்துக்கு மேல் அகலமான பெட்ஷீட் துணி கிடைத்தால் 1.7 மீற்றரில் முடிந்துவிடும், நடுவில் மூட்டும் வராது. ஹட்டனிலும் கண்டியிலும் பெட்ஷீட் துணியைத் தொட்டுப் பார்த்து வாங்கலாம். இதற்கு ஒன்லைனில் போகவே தேவையில்லை. இங்கே பொலியெஸ்டர் கலப்பு இருந்தாலும் நான் எடுப்பேன். சின்னத் தையல் இல்லாத இடம், சீக்கிரம் காயும். கலப்பு அடித்துணி அவ்வளவு சுருங்காது என்பதால், மேல்பக்கத்துப் பருத்தியை வெட்டும்முன் தோய்த்துச் சுருக்கி எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

மேல்பக்கத்திலும் அகலக் கணக்கு உண்டு. தைத்து முடித்தால் ஆறு அங்குலம் வரும் சதுரம் 140 வேண்டும், ஒவ்வொன்றும் ஆறரை அங்குலமாக வெட்ட வேண்டும். 36 அங்குலத் துணியில் வரிசைக்கு ஐந்து, 44 அங்குலத்தில் ஆறு, 58 அங்குலத்தில் எட்டு. அதன்படி 4.6 மீற்றர், 4 மீற்றர், 3 மீற்றர் போகும். ஒன்லைனில் ‘மீற்றர் இவ்வளவு’ என்று பார்த்து இரண்டு கடையை ஒப்பிடாதீர்கள். 58 அங்குலத் துணி மூன்றில் ஒரு பங்கு கூட விலை என்றாலும் 44 அங்குலத் துணிக்குச் சமம்தான். ‘யார்’ என்ற அளவுக்கும் மீற்றருக்கும் உள்ள வித்தியாசத்தையும் கவனியுங்கள். ஒரு யார் 91 சென்ரிமீற்றர்தான்.

உள்ளே வைக்கும் பஞ்சு விரிப்பைக் கூரியரில் எடுக்க வேண்டாம். நிறை இல்லாவிட்டாலும் இடத்தை அடைப்பதால் கூலி ஏறும். குஷன் வேலை செய்யும் கடைகளில் பொலியெஸ்டர் விரிப்புக் கிடைக்கும், நம் ஊர்க் குளிருக்கும், துணி மெதுவாகக் காயும் ஈரத்துக்கும் அதுதான் தோது. பழைய கம்பளியை உள்ளே வைத்துத் தைப்பதும் நல்ல வழிதான். சூடு போதும், பாரம் மட்டும் கூடும்.

கடைசியாக, பார்சல் வந்து சேரும் விஷயம். இதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். லயத்துக்கென்று வீதிப் பெயரும் வீட்டிலக்கமும் இல்லாத தோட்டங்கள் இன்னும் நிறைய. தோட்டப் பெயர், டிவிஷன் என்று எழுதினால் கூரியர்காரர் டவுனில் இருந்தே ஃபோன் பண்ணி, “மேலே வர ஏலாது, கீழே வாங்க” என்பார். அவர் ஃபோன் பண்ணும் நேரம் நாம் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்போம், சிக்னல் இருக்காது, பார்சல் திரும்பிப் போய்விடும். அதனால் விலாசத்தை டவுனில் தெரிந்த கடைக்கே போடுங்கள். ஃபார்மசியோ சலூனோ, நாள் முழுக்கத் திறந்திருக்கும் கடையாக இருக்கட்டும். காசையும் அங்கே கொடுத்து வைத்துவிடுங்கள். மே முதல் செப்டம்பர் வரை மேற்குப் பக்கத்து மலைகளில் மழை. கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்து பாதை மூடினால் எந்தக் கடையும் ஒன்றும் செய்ய முடியாது. தீபாவளிக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் முந்திய வாரங்களில் கூரியர் நிரம்பி வழியும். தைத்துக் கொடுக்க நாள் குறித்த வேலை என்றால் இதையெல்லாம் பார்த்து ஒரு மாதம் முன்னாலேயே ஓடர் பண்ண வேண்டும்.

பார்சலைப் பிரிக்கும்போது ஃபோனில் வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். துணி மாறியோ கிழிந்தோ வந்திருந்தால் கடைக்காரரிடம் காட்ட அது ஒன்றுதான் ஆதாரம். வந்த துணி ஒவ்வொன்றிலும் ஒரு சின்னத் துண்டைக் கொப்பியில் குத்தி வையுங்கள். பக்கத்திலேயே கடைக்காரர் நம்பர், அகலம், தோய்த்தபின் எவ்வளவு சுருங்கியது, வெள்ளையில் அச்சு விழுந்ததா இல்லையா என்று எழுதிவிடுங்கள். அடுத்த ஓடருக்கு அந்தக் கொப்பியைப் படமெடுத்து அனுப்பினாலே போதும், “இதே துணி இன்னும் இருக்கா?” என்று கேட்டுவிடலாம்.